பந்து வீச 15 விநாடி, ஆட்டம் முடிய நடுராத்திரி

பேஸ்பால் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் ரூம்மேட் கேட்ட ஒரே கேள்வி: "அதுல சிக்ஸர் உண்டா?" உண்டு. அதுக்குப் பேர் ஹோம்ரன். ஆனா ஆறு ரன் கிடையாது. அந்த நேரத்துல களத்துல எத்தனை பேர் ஓடத் தயாரா நிக்கறாங்களோ அதைப் பொறுத்து ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும். இதுக்கு மேல அரிச்சுவடி வேண்டாம், போகப் போகப் புரிஞ்சிடும்.

நான் சொல்ல வந்தது ஆட்டத்தைப் பத்திகூட இல்லை, கடிகாரத்தைப் பத்தி. நம்ம கிரிக்கெட்ல ஓவர் கணக்காவது இருக்கு. பேஸ்பாலுக்கு அதுவும் இல்லை. 27 பேரை அவுட் ஆக்கணும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. இந்த "நேரமே இல்லாத ஆட்டம்"ங்கறதைப் பெருமையா சொல்லிச் சொல்லியே ஆட்டத்தை இழுஇழுன்னு இழுத்துட்டாங்க. பந்து போடறவர் (பிட்ச்சர்; நம்மூர் பிட்ச்சோட குழப்பிக்காதீங்க) தொப்பியைத் தொடுவார், மண்ணை மிதிப்பார், கேட்ச்சர் காட்டற சைகைக்கு நாலு தடவை வேண்டாம்னு தலையாட்டுவார். பேட்டர் அதுக்கு மேல. ஒவ்வொரு பந்துக்கும் வெளியே வந்து கிளவுஸைக் கழட்டி மாட்டுவார். 2021ல ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தோட சராசரி நேரம் 3 மணி 10 நிமிஷம் ஆயிடுச்சு. அதுல பந்து நிஜமாவே நகர்ற நேரம் கொஞ்சம்தான்.

2023ல மேஜர் லீக் அந்தப் பெருமையைத் தூக்கிப் போட்டுட்டு மைதானத்துல கடிகாரத்தை மாட்டிச்சு. களத்துல ரன்னர் இல்லைன்னா 15 விநாடி, இருந்தா 20 விநாடி (அடுத்த வருஷம் 18 ஆக்கிட்டாங்க). அதுக்குள்ள பிட்ச்சர் பந்தைப் போட ஆரம்பிக்கணும், இல்லைன்னா பேட்டருக்கு இலவசமா ஒரு 'பால்'. பேட்டர் 8 விநாடி மிச்சம் இருக்கறதுக்குள்ள தயாரா நிக்கணும், இல்லைன்னா அவர் கணக்குல ஒரு ஸ்ட்ரைக். இந்த விதிக்கு ஓட்டெடுத்த 11 பேர் கமிட்டியில வீரர்கள் சார்பா இருந்தது நாலே பேர். நாலு பேருமே வேண்டாம்னாங்க. லீக் தரப்புக்கு ஆறு ஓட்டு. முடிவு என்னாகும்னு கணக்குப் பாடம் தேவையில்லை.

விதி வந்த புதுசுல நடந்த கூத்து ஒண்ணு. 2023 பிப்ரவரி 25, பயிற்சி ஆட்டம், அட்லாண்டாவும் பாஸ்டனும். ஸ்கோர் 6-6, கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், மூணு பேஸ்லயும் ஆள், எண்ணிக்கை முழுசா நிறைஞ்சு அடுத்த பந்துதான் முடிவுங்கற நிலைமை. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. பந்தே வரலை. பேட்டர் கால் கான்லி நேரத்துக்குத் தயாராகலைன்னு அம்பயர் ஸ்ட்ரைக் கொடுத்துட்டார். ஆட்டம் டிராவுல முடிஞ்சது! "இதுக்காடா இத்தனை வருஷம் ஆடினோம்"னு பழைய ரசிகர்கள் கொதிச்சாங்க. நானும் அந்தக் கட்சிதான் அப்போ.

இப்போ இல்லை. 2023ல சராசரி நேரம் 2 மணி 40 நிமிஷத்துக்கு வந்தது, 2024ல 2 மணி 36. வீரர்கள் ஒரு மாசத்துல பழகிட்டாங்க. மைதானத்துக்கு வந்தவங்க எண்ணிக்கை 2023ல 7 கோடியைத் தாண்டிச்சு, 2017க்கு அப்புறம் முதல் தடவையா. நம்ம ஐசிசியும் ஓவருக்கு நடுவுல 60 விநாடி கடிகாரத்தை 2023 டிசம்பர்ல சோதனைக்குக் கொண்டு வந்ததுன்னா, சும்மா இல்லை.

மத்த மாற்றங்களைப் பத்தி ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். பேஸை 15 அங்குலத்துலேர்ந்து 18 அங்குலமா பெருசாக்கினாங்க. பிட்ச்சர் ரன்னரை மிரட்டறதுக்காகப் பந்து போடாம விலகறதை ஒரு பேட்டருக்கு ரெண்டு தடவைன்னு கட்டுப்படுத்தினாங்க. பலன், பேஸ் திருடறது 2022ல 2,486, 2023ல 3,503. பார்க்க ஜாலியா இருக்கு. ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிக்கக் கூடாதுங்கற விதி மட்டும் எனக்கு இன்னும் ஒட்டலை. புத்தியால ஜெயிக்கறவனைச் சட்டம் போட்டுத் தடுக்கற மாதிரி. பத்தாவது இன்னிங்ஸ்லேர்ந்து ரெண்டாவது பேஸ்ல ஓசியா ஒரு ரன்னரை நிறுத்தறாங்களே, அது 2020ல கொரோனாவுக்காக வந்தது. கொரோனா அடங்கியும் அது போகலை, 2023ல நிரந்தரம் ஆக்கிட்டாங்க. ஆனா அக்டோபர் ஆட்டங்கள்ல அது கிடையாது! முக்கியமான ஆட்டத்துக்கு லாயக்கில்லாத விதின்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

சரி, அக்டோபருக்கு வருவோம். என் கோபம் அங்கதான்.

1960 அக்டோபர் 13. பிட்ஸ்பர்க் நகரம், வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம், எதிரணி நியூயார்க் யாங்கீஸ். கடைசி இன்னிங்ஸ்ல பில் மாஸரோஸ்கி ஹோம்ரன் அடிச்சு 10-9னு முடிச்சார். அப்போ மணி மத்தியானம் 3:36. ஆட்டம் நடந்த நேரம் 2 மணி 36 நிமிஷம். மேல 2024 சராசரின்னு எழுதின அதே நம்பர். அதாவது, கடிகாரத்தை மாட்டி, கமிட்டி போட்டு, வீரர்களோட மல்லுக்கட்டி, ஆட்டத்தோட நீளத்தை 1960க்கே கொண்டு போயிட்டாங்க. சபாஷ். ஆனா ஆரம்பிக்கற நேரம்?

சரியா 11 வருஷம் கழிச்சு, 1971 அக்டோபர் 13, அதே பிட்ஸ்பர்க்ல, வேர்ல்ட் சீரிஸோட முதல் ராத்திரி ஆட்டம் நடந்தது. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்க டிவி முன்னாடி உக்காருவாங்க, விளம்பரத்துக்கு நல்ல காசு. அப்போ கமிஷனரா இருந்த போவி கூனுக்கு யோசனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நியாயமும் இருந்தது, வேலைக்குப் போறவங்க மத்தியானம் எப்படிப் பார்ப்பாங்க? ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சது எல்லாமே ராத்திரின்னு ஆயிடுச்சு. கடைசியா பகல்ல நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் 1987ல, மினசோட்டாவுல. அதுவும் கூரை போட்ட ஸ்டேடியம், உள்ள வெயிலே கிடையாது! திறந்த வானத்துக்குக் கீழே கடைசிப் பகல் ஆட்டம்னா 1984, டெட்ராய்ட்.

இப்போ வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ராத்திரி எட்டை ஒட்டி ஆரம்பிக்கும். நமக்குக் காலைல அஞ்சரை. 2025 அக்டோபர்ல டொரண்டோவும் லாஸ் ஏஞ்சலிஸும் மோதின மூணாவது ஆட்டம் நல்ல உதாரணம். நான் அலாரம் வெச்சு எழுந்து பார்த்தேன். காலேஜுக்குக் கிளம்பும்போது 5-5. முதல் வகுப்புல ஒளிச்சு வெச்சு ஸ்கோர் பார்த்தா 5-5. ரெண்டாவது வகுப்புலயும் 5-5. ஒட்டானி ஒருத்தரே ஒன்பது தடவை பேஸுக்குப் போனார். கடைசில 18வது இன்னிங்ஸ்ல ஃப்ரெடி ஃப்ரீமேன் ஹோம்ரன் அடிச்சப்போ நாங்க சாப்பாட்டு டப்பாவைத் திறக்கற நேரம். 6 மணி 39 நிமிஷ ஆட்டம். ஓசி ரன்னர் இல்லாம நடந்ததாலதான் அப்படி ஒரு ஆட்டம் கிடைச்சது, அதுல எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனா டொரண்டோவுல அப்போ மணி விடிகாலை மூணு ஆகப் பத்து நிமிஷம். செவ்வாய்க்கிழமை. காலைல பள்ளிக்கூடம். அந்த ஊர் அணி வேர்ல்ட் சீரிஸுக்கு வந்ததே 1993க்கு அப்புறம் அப்பதான். அந்த ஊர்ல பத்து வயசுப் பையன் ஒருத்தன் எத்தனையாவது இன்னிங்ஸ்ல தூங்கியிருப்பான்? 18 இன்னிங்ஸை விடுங்க, சாதாரணமா முடிஞ்சாலே பதினொண்ணு ஆகும். சென்னையில இருக்கற நான் பல் தேய்ச்சுக்கிட்டே பார்க்கறேன். ஜப்பான்ல காலை ஒன்பது மணி, 2024ல ஞாயித்துக்கிழமையா அமைஞ்ச ரெண்டாவது ஆட்டத்தை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்க. சொந்த ஊர்ப் பசங்களுக்கு மட்டும் மறுநாள் காலைல ரிசல்ட்.

இதைவிடத் தமாஷ், முதல் சுற்று ஆட்டங்கள் சில பகல்ல நடக்கும். செவ்வாய், புதன்ல, மத்தியானம் ஒரு மணிக்கு. அப்போ பசங்க கிளாஸ்ல இருப்பாங்க. இளைஞர்கள் ஆட்டத்தை விட்டுப் போறாங்கன்னு கவலைப்பட்டுத்தானே ராப் மான்ஃப்ரெட் இத்தனை விதியையும் மாத்தினார்? அரை மணி நேரம் மிச்சம் பிடிச்சுக் கொடுத்ததை அட்டவணை திரும்பப் பிடுங்கிக்குது.

எதிர்வாதம் இல்லாம இல்லை. அமெரிக்காவுல நாலு நேர மண்டலம். நியூயார்க்ல எட்டுன்னா லாஸ் ஏஞ்சலிஸ்ல அஞ்சு, அங்க ஆளுங்க டிராஃபிக்ல நிப்பாங்க. எல்லாருக்கும் பொதுவான நேரம்னு ஒண்ணு கிடையாது. சாயங்கால வெயில்ல பிட்ச்சர் நிக்கற இடம் வெளிச்சமாவும் பேட்டர் நிக்கற இடம் நிழலாவும் இருந்தா பந்து கண்ணுக்குத் தெரியாது, அதுவும் உண்மை. அப்புறம் 1975ல கார்ல்டன் ஃபிஸ்க் அடிச்ச புகழ்பெற்ற ஹோம்ரன் ராத்திரி 12:34க்குத்தான் வந்தது, அதை யாரும் மறக்கலைன்னும் சொல்லலாம். ஒத்துக்கறேன். ஆனா அது எப்பவாவது நடந்த அதிசயம். இப்போ மாதிரி வருஷா வருஷம் எல்லா நாளுமே ராத்திரி இல்லையே.

தொலைக்காட்சி ஆட்ட நேரத்தை மாத்தினா பரவாயில்லை, ஆட்டத்தையே மாத்துது. இது பலர் கவனிக்காத விஷயம். சீசன்ல கிட்டத்தட்ட தினமும் ஆடணும், 162 ஆட்டம். அதனால ஒரு அணிக்கு அஞ்சு ஆரம்பப் பிட்ச்சர் தேவை. அக்டோபர்ல டிவிக்காக நடுநடுவுல லீவு விடறாங்க. 2009ல யாங்கீஸ்-ஏஞ்சல்ஸ் தொடர்ல நாலாவது ஆட்டம் அனஹைம்ல 20ஆம் தேதி, அஞ்சாவது ஆட்டம் அதே அனஹைம்ல 22ஆம் தேதி. பயணமே இல்லை, எதுக்கு லீவு? ஏஞ்சல்ஸ் மேனேஜர் மைக் சோஷா வெளிப்படையாவே எரிச்சல்பட்டார். யாங்கீஸ் அந்த அக்டோபர் முழுக்க சபாதியா, பர்னெட், பெட்டிட்னு மூணே ஆரம்பப் பிட்ச்சர்களை வெச்சுக் கோப்பையைத் தூக்கிட்டாங்க, நவம்பர் 4ஆம் தேதி. நல்ல அணிதான், மறுக்கலை. ஆனா ஆறு மாசம் ஒரு ஆட்டம் ஆடிட்டு, கோப்பைக்கு வேற ஒரு ஆட்டம் ஆடற மாதிரி இருக்கு.

திருந்திட்டாங்களான்னா, 2023ல நேஷனல் லீக் கால் இறுதியில முதல் ஆட்டம் சனிக்கிழமை, ரெண்டாவது அதே ஊர்ல திங்கள்கிழமை. நடுவுல ஞாயிறு சும்மா. 100 ஆட்டம் ஜெயிச்ச டாட்ஜர்ஸ் ஏற்கனவே அஞ்சு நாள் ஆடாம உக்காந்திருந்து, அப்புறம் இதுலயும் உக்காந்து, 84 ஆட்டம் ஜெயிச்ச அரிசோனாகிட்ட மூணு நேர் செட்ல தோத்தாங்க. லீவுனாலதான் தோத்தாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அவங்க பந்துவீச்சு அந்த வாரம் மகா மட்டம். அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸை அமெரிக்காவுல சராசரியா 91 லட்சம் பேர்தான் பார்த்தாங்க. டிவிக்காகவே அமைச்ச அட்டவணைக்கு டிவியிலயே ஆள் இல்லை!

"2025 ஏழாவது ஆட்டம் ராத்திரிதானே, அதை அவ்வளவு கோடிப் பேர் பார்த்தாங்களே"ன்னு கேட்பீங்க. பார்த்தாங்க, நானும் பார்த்தேன், 11 இன்னிங்ஸ், இதயம் வாய்க்கு வந்துடுச்சு. ஆனா அது சனிக்கிழமை. நடுராத்திரி தாண்டினாலும் மறுநாள் யாரும் ஸ்கூலுக்குப் போக வேண்டாம். அது என் கட்சிக்குத்தான் பலம்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. வார நாள்ல எட்டை ஏழாக்குங்க. ஆட்டம்தான் சின்னதாயிடுச்சே, ஒன்பதே முக்காலுக்கு முடிஞ்சுடும், பையன் கடைசிப் பந்தைப் பார்த்துட்டுத் தூங்குவான். சனிக்கிழமை ஆட்டத்தை மட்டும் மத்தியானம் நாலு மணிக்கு வைங்க. நிழல் விழுமேன்னா, ரெண்டு அணிக்கும்தான் விழும். ஆனா நடக்காதுன்னு தெரியும். சனிக்கிழமை மத்தியானம் அதே ஃபாக்ஸ் சேனல்ல காலேஜ் ஃபுட்பால் ஓடும், ஞாயித்துக்கிழமை என்.எஃப்.எல். வேர்ல்ட் சீரிஸுக்காக அதுல ஒண்ணை நகர்த்தணும்னா, 2022லேர்ந்து ஏழு வருஷத்துக்கு 510 கோடி டாலர் கொடுத்தவங்க எதுக்கு நகர்த்தறாங்க? அந்த ஒப்பந்தம் 2028 சீசனோட முடியுது. அடுத்த ஒப்பந்தத்துல ஆரம்பிக்கற நேரம்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி யாராவது கேக்கணும். பேஸ் எத்தனை அங்குலம்னு ஓட்டெடுக்க ஒரு கமிட்டி இருக்கு, ஆட்டம் எத்தனை மணிக்குன்னு ஓட்டெடுக்க இல்லை.