பூங்காவும் வேணும், கண்மாயும் வேணும்

மாட்டுத்தாவணி என்றால் வெளியூர்ச் சகோதரிகளுக்கு பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும். 1999-ல் அது வருவதற்கு முன்னால் இது மாட்டுச் சந்தை கூடிய வெளி. பெயரே சொல்கிறதே! இப்போது பஸ் ஸ்டாண்டு, பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் என்று ராத்திரி பகல் தெரியாத இடமாகிவிட்டது. இத்தனை இரைச்சலுக்கும் புகைக்கும் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காற்று தருவது வண்டியூர்க் கண்மாய்தான்.

அந்தக் கண்மாய்க் கரையில் நடைபாதை, சைக்கிள் பாதை, குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் அமைக்க மாநகராட்சி சுமார் 50 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. ஆனால் எதிர்க்குரலும் எழுந்தது. "கண்மாயைச் சுருக்காதீர்கள். முதலில் தூர் வாருங்கள், சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள்" என்றார்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள்.

எங்கள் தெருப் பெண்களிலும் இரண்டு கட்சி உண்டு. "புள்ளைக ரோட்டுல பந்து வெளாடுதுக. பஸ்ஸு வர்ற வேகத்தைப் பார்த்தா ஈரக்குலை நடுங்குது. பார்க் வந்தா நல்லதுதானே மதினி?" என்பாள் ஒருத்தி. "கண்மாய் நெறஞ்சாத்தாண்டி நம்ம வீட்டுப் போர்ல தண்ணி. ஊஞ்சலையா குடத்துல மொண்டு குடிப்ப?" என்பார் இன்னொரு அக்கா.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது என்று ஒரு வரிசை வேண்டும். சோறு ஆக்காமல் இலை போட்டு உட்கார வைப்போமா?

சாத்தையாறு வழியாக வருகிற தண்ணீர் இந்தக் கண்மாயில் நிற்கும். நிரம்பினால் மிச்சம் வைகைக்குப் போகும். உள்ளே மண்ணைக் கொட்டிப் பாதை போட்டால் அத்தனைக்கத்தனை தண்ணீர் நிற்க இடம் குறையும். மழைத் தண்ணீருக்கு இடம் இல்லாவிட்டால் அது வீட்டைத் தேடி வரும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரையில் யாரும் மறக்கவில்லை. சாக்கடையை நிறுத்தாமல் கரையில் பெஞ்சு போட்டாலோ, நாற்றத்தில் யார் உட்காருவது? குழந்தையைக் காற்று வாங்கக் கூட்டிப் போய், கொசுக்கடியோடு திரும்புவதா?

அதற்காகப் பூங்காவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது நல்ல நடை, ஐந்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பது நடை ஆகாது, சகோதரிகளே!

உங்கள் ஊரிலும் பூங்கா பற்றிக் கூட்டம் நடந்தால், அதிகாரிகளிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? அதைத் தினமும் கழுவ ஆள் உண்டா?

2. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விளக்கு எரியுமா? காவலாள் இருப்பாரா?

3. குடிதண்ணீர்க் குழாய் எங்கே? நிழல் தரும் வேம்பு, புங்கை எத்தனை?

4. ஊஞ்சல், சறுக்குமரத்துக்குக் கீழே சிமெண்டா, மணலா? விழுகிற பிள்ளைக்கு மணல்தான் நல்லது.

5. நடைபாதைக்குள் மோட்டார் சைக்கிள் வராமல் தடுப்பு உண்டா?

6. திறப்பு விழாவுக்குப் பிறகு, வருஷா வருஷம் பராமரிக்கப் பணம் ஒதுக்கியாச்சா?

"நாம சொல்லி எடுபடுமா?" என்று நினைக்காதீர்கள். பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தை ஒரு தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். முதலில் தள்ளுபடி ஆனது, விடவில்லை. கடைசியில் 1991-ல் சுப்ரீம் கோர்ட், பூங்கா இடம் பூங்காவுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. எதிர்த் தரப்பு கேட்டதும் ஆஸ்பத்திரிதான், நல்ல காரியம்தான். இருந்தாலும் ஊருக்கு மூச்சு விட ஒதுக்கிய இடத்தை எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட (சுமார் இரண்டரை ஏக்கர்) மனைப்பிரிவு போட்டால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்குகிறபோது சமையலறை எந்தத் திசை என்று பார்க்கிறோமே, அந்த வரைபடத்தில் பூங்கா இடம் எங்கே என்றும் ஒரு தடவை பாருங்கள்.

பேசுவதற்கு மேடையும் இருக்கிறது. கிராமசபை மாதிரி நகரங்களுக்குப் பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்களும் நடந்தன. மதுரையில் 100 வார்டுகள். உங்கள் பகுதிக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடமோ வார்டு அலுவலகத்திலோ கேட்டு வையுங்கள். வரைபடம் முடிவாவதற்கு முன்னால் போக வேண்டும்; சிமெண்டு கொட்டின பிறகு போய்ப் பிரயோசனம் இல்லை.

தனியாகப் போகக் கூச்சமா? தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். மளிகைக் கணக்கையே வரிக்கு வரி சரிபார்க்கிற நமக்கு இது ஒரு பெரிய வேலையா என்ன?

உங்கள் பகுதியில் கேட்டு வாங்கிய வசதி ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.