காதலர்கள் சரி, வீடு எங்கே?

2020 டிசம்பர் 4ஆம் திகதி, கனடாவின் அரச ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி, கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை நாடு முழுவதற்கும் ஒளிபரப்பியது. நாயகன் ஆர்ஜி ஒரு தமிழ்ப் பையன். அவன் காதலிப்பது ஷெஹான் என்ற சிங்களப் பையனை. கதை 1983 ஜூலைக் கலவரத்தை நோக்கி நகர்கிறது. ஷியாம் செல்வதுரை 1994இல் எழுதிய ‘ஃபன்னி பாய்’ நாவலை, அவரோடு சேர்ந்து திரைக்கதையாக்கிப் படமாக எடுத்தவர் தீபா மேத்தா. படப்பிடிப்பு நடந்தது கொழும்பில். அதே மாதம் படம் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வேறு சில நாடுகளுக்கும் போனது. மறு வருடம் சிறந்த இயக்குநர், சிறந்த தழுவல் திரைக்கதை, சிறந்த இசை ஆகியவற்றுக்கான கனேடியத் திரை விருதுகளையும் பெற்றது.

இப்படிப்பட்ட படைப்புகளைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் ஒரே கேள்வியில் முட்டி நின்றுவிடுகிறது: இது துணிச்சலா, ஒழுக்கக்கேடா? கண்டியிலிருந்து பார்க்கிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்களின் காதலைச் சொல்ல வருகிற தொலைக்காட்சி, அந்த இருவரைச் சுற்றியுள்ள வீட்டை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது? முத்தக் காட்சியை யாரும் எடுத்துவிடலாம். அந்த முத்தத்தை ஒளித்துவைக்கச் செய்கிற அம்மாவும் அப்பாவும் அம்மாச்சியும் நம்பும்படி இல்லையென்றால், காதலுக்கும் கனம் இருக்காது.

முதலில் இந்தப் படம் சாதித்ததைச் சொல்லவேண்டும், அது சிறிய விடயம் அல்ல. ஆணை நேசிக்கும் ஆணைத் தமிழ்த் திரை நெடுங்காலம் இரண்டே இடங்களில்தான் வைத்திருந்தது. ஒன்று, ‘வேட்டையாடு விளையாடு’ (2006) போன்ற படங்களில் கொடூரக் கொலைகாரனாக. இன்னொன்று, சிரிப்புக்கு. ‘கோவா’ (2010) படம் ஆண் இணை ஒன்றை ஓரளவு பரிவோடு காட்டியபோதும் நகைச்சுவை என்ற வேலிக்கு உள்ளேதான் அவர்களை நிறுத்தியது. ‘ஃபன்னி பாய்’ அந்த இரண்டையும் செய்யவில்லை. பிராண்டன் இங்கிராமும் ரெஹான் முதன்னாயக்கவும் நடித்த ஆர்ஜியும் ஷெஹானும் சாதாரணப் பாடசாலைப் பிள்ளைகள். ஒருவன் கூச்சக்காரன், மற்றவன் தன்னை அறிந்தவன். தங்கள் காதலுக்குத் தண்டனையாக இருவரில் யாரும் சாவதில்லை, பைத்தியமாவதில்லை, திருந்துவதுமில்லை. பதின்ம வயதில் தன்னைப் பற்றி வெளியில் சொல்ல வழியில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு, இது ஒன்றே பெரிய ஆறுதல்.

இரண்டாவது பலம், காதலை அரசியலிலிருந்து பிரிக்காமல் வைத்தது. ஆர்ஜியின் ராதா மாமி அனில் என்ற சிங்களவனை விரும்புகிறாள், குடும்பம் மறுக்கிறது. ஆர்ஜி ஷெஹானை விரும்புகிறான், அதைக் குடும்பத்தால் கற்பனை செய்யவே முடியவில்லை. வீட்டில் இரண்டு எல்லைக்கோடுகள் போடப்பட்டிருக்கின்றன, ஆர்ஜி இரண்டையும் ஒரே காலடியில் தாண்டுகிறான். நாவலின் கடைசிப் பகுதியில், கலவரத்துக்குப் பின் ஷெஹானைச் சந்திக்கும்போதுதான், அவன் சிங்களவன், தான் அப்படியல்ல என்ற உணர்வு ஆர்ஜிக்கு முதன்முதலாக உறைக்கிறது. இதைப் படிக்கிற கண்டி வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. 1983 ஜூலை 26ஆம் திகதி பேராதனை வீதியிலும் காசல் வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. பக்கத்துக் கடைக்காரரோடு தேநீர் குடித்த உறவு ஒரு மாலைப்பொழுதில் வேறொன்றாக மாறியதைக் கண்ட தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது.

இவ்வளவு நல்ல அடித்தளம் இருந்தும், படம் சறுக்கியது வீட்டுக்குள்தான்.

ஒளிபரப்புக்கு முன்பே கனடாவிலும் வேறு நாடுகளிலும் உள்ள தமிழர்கள் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல் எழுப்பினார்கள். அவர்களது குற்றச்சாட்டு காதலைப் பற்றியது அல்ல. முக்கியமான தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழர் அல்லாதவர்களைத் தெரிவு செய்ததும், அவர்கள் பேசிய தமிழும்தான் பிரச்சினை. அம்மாச்சியாக வந்தவர் அசாமில் பிறந்த சீமா பிஸ்வாஸ். அப்பா, பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட அலி காஸ்மி. ராதா மாமி, பஞ்சாபியப் பின்னணி கொண்ட ஆகம் தர்ஷி. மூவரும் தேர்ந்த நடிகர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கண்டிக் காதுக்கு முன்னால் இந்தத் தெரிவு தாக்குப்பிடிப்பது கஷ்டம். இந்த நகரத்தில் வளர்கிற ஒரு பிள்ளை சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று தமிழைக் கேட்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரச ஊழியர் ‘என்ன செய்யிறியள்?’ என்பார். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் ‘என்னா செய்றீங்க?’ என்பார். அக்குறணை முஸ்லிம் வியாபாரியின் தமிழ் இரண்டிலும் சேராமல் தனியாக ஒலிக்கும். ஒருவர் வாயைத் திறந்ததுமே எந்த ஊர், எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட காதுக்கு, அம்மாச்சியின் அதட்டல் எந்த ஊருக்கும் உரியதாக இல்லாவிட்டால், அந்த அதட்டலுக்குப் பிள்ளை பயப்படுவதும் நடிப்பாகவே தெரியும். நாவலின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா பாட்டி வீட்டில் சேரும் பிள்ளைகளில், பெண்பிள்ளைகளோடு ‘மணமகள்’ விளையாட்டு விளையாடும் ஆர்ஜி, சேலை கட்டி மணமகளாகிறான். அத்தை ஒருத்தி அந்தக் கோலத்திலேயே அவனைப் பெரியவர்கள் இருக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறாள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அம்மாவின் முகம் இறுகுகிறது. அடுத்த வாரத்திலிருந்து அவன் ஆண்பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாட வேண்டும். ஏன் என்று அவன் கேட்டால் அம்மாவிடம் பதில் இல்லை. அடி விழவில்லை, சத்தம் இல்லை, ஆனால் பிள்ளையின் வாழ்க்கை அங்கே திசைமாறுகிறது. இப்படி ஒரு காட்சியைத் தாங்கி நிற்பது முழுக்க முழுக்கப் பேச்சின் நயம்தான்: யார் சிரித்தார், யார் பேச்சை மாற்றினார், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அங்கே ஒலி பிசகினால் காயமும் மேலோட்டமாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கொழும்பின் வசதியான தமிழ் வீடுகளில் அன்று ஆங்கிலமே அதிகம் புழங்கியது. நாவலில் ஆர்ஜியை அவனது அப்பா சிங்கள மொழிமூல வகுப்பில்தான் சேர்த்திருக்கிறார், நாட்டில் பிழைக்க அதுதான் வழி என்ற கணக்கில். ஆகவே படத்தில் ஆங்கிலம் மிகுந்திருப்பது பொய்யல்ல. ஒஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்குக் கனடா இதை அனுப்பியபோது, பாதிக்கு மேல் ஆங்கில வசனம் என்ற காரணத்தால் அது ஏற்கப்படவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் வாழும் வீட்டிலும் தமிழ் எப்போது வெளிவரும் என்பதுதான் கேள்வி. கோபத்தில் வரும், பயத்தில் வரும், செத்தவீட்டில் வரும், பிள்ளையைத் தனியே கூப்பிட்டு எச்சரிக்கும்போது வரும். அரிதாக வருவதாலேயே அது பிழையில்லாமல் வரவேண்டியிருக்கிறது.

நேரமும் ஒரு குறை. ஆறு கதைகளால் ஆன நாவலில் ஷெஹான் வருவதே ஐந்தாவது கதையில். இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் படத்தில் ராதாவின் காதல், அப்பாவின் நண்பருடைய மகன் ஜெகனின் வருகை, கலவரம், புலம்பெயர்வு எல்லாவற்றுக்கும் இடம் விட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் இந்தப் பையன்களுக்குக் கொடுக்க முடிந்தது. அவர்கள் நெருங்குவதைப் பார்க்கிறோம், ஒருவருக்கொருவர் பழகுவதைப் பார்க்க நேரமில்லை.

தொடர் நாடகம் செய்யக்கூடியது இங்கேதான். பிரித்தானியாவின் ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ தொடரில் 2009 முதல் 2012 வரை ஓடிய சையத் – கிறிஸ்டியன் கதை இதற்கு நல்ல சான்று. சையத் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கிறிஸ்டியனைக் காதலித்துக்கொண்டே, வீட்டாருக்காக அமீராவைத் திருமணம் செய்கிறான். உண்மை வெளிவந்ததும் பெற்றோர் அவனை ஒதுக்குகிறார்கள். அவனுடைய அம்மா ஸைனப்தான் அந்தக் கதையின் உயிர். நினா வாடியா நடித்த அந்தத் தாய் ஒரே அத்தியாயத்தில் மனம் மாறவில்லை. கத்தினாள், தொழுதாள், பிள்ளையைத் தெருவில் கண்டும் காணாமல் போனாள், ஏங்கினாள். வருடக்கணக்கில் அவளோடு இருந்த பார்வையாளருக்கு அவள் மீதும் இரக்கம் வந்தது. துயரத்தை நீட்டிப் பிழிந்தது, அமீராவின் இழப்புக்குப் போதிய இடம் தராதது என்று அந்தக் கதையிலும் குறை சொல்லலாம். இருந்தாலும் வீடு வீடாகவே இருந்தது.

இன்னொரு பக்கம், இன்று நமது இளையவர்கள் கைபேசியில் பார்க்கும் தாய்லாந்துத் தொடர்கள். ‘சோட்டஸ்’ (2016), ‘டுகெதர்’ (2020) என்று யூடியூப்பில் மொழிபெயர்ப்பு வரிகளோடு உலகமெங்கும் போன இத்தொடர்களின் பலம் அவற்றின் மகிழ்ச்சி. இரண்டு பையன்கள் காதலித்துச் சிரிக்கலாம், சண்டை போடலாம், கடைசியில் சேரலாம் என்பதைக் கூச்சமில்லாமல் காட்டின. ‘டுகெதர்’ தொடரில் தன்னைத் துரத்தும் ஒருவனிடமிருந்து தப்பிக்க, டைன் என்ற மாணவன் சரவட்டைத் தன் காதலனாக நடிக்கச் சொல்கிறான். நடிப்பு மெய்யாகிறது. இலேசான, இனிமையான கதை. ஆனால் இத்தகைய பல தொடர்களில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, விடுதி அறை இருக்கிறது, பெற்றோர் பெயருக்குத்தான் வருகிறார்கள். துரத்தும் மற்ற ஆணைத் தொல்லையாகக் காட்டிவிட்டு நாயகர்களை மட்டும் விதிவிலக்காக்கும் பழக்கமும் உறுத்துகிறது. ‘ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ’ (2020) வேறு மாதிரி. புக்கெட் தீவின் சீன வம்சாவளிச் சூழல், டே என்ற பையனின் அம்மா நடத்தும் ஹொக்கியன் நூடுல்ஸ் கடை, பல்கலைக்கழக அனுமதிக்கான போட்டி என்று அந்தக் காதலுக்குக் கீழே ஒரு மண் இருந்தது. ஐந்தே அத்தியாயங்கள், ஆனால் கடையில் ஆவி பறக்கும் கிண்ணத்தை அம்மா நீட்டுகிற விதத்திலேயே அந்தப் பிள்ளை எதை இழக்கப் பயப்படுகிறான் என்று புரிந்துவிடும்.

இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கைபேசியில் பார்ப்பது ஒருவரின் தனிமைக்குத் துணை. அதன் மதிப்பைக் குறைக்கக் கூடாது. ஆனால் தொலைக்காட்சியின் இடம் வேறு. தோட்டத்து லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவும் பாட்டியும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் பெட்டி அது. அதில் ஒரு கதை வந்தால் எல்லோரும் சேர்ந்துதான் கேட்கவேண்டும். யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். தான் யார் என்று சொல்லமுடியாமல் அந்த அறையில் இருக்கும் பிள்ளை, அப்போது வீட்டார் வாயிலிருந்து வருவதைக் கேட்டே தன் நிலைமையை அளந்துகொள்ளும்.

அப்படி ஒரு கதையை வீட்டுக்குள் கொண்டுவரும் பொறுப்பை இலங்கையின் தமிழ் அலைவரிசைகள் இனியும் தயங்காமல் ஏற்கலாம். சட்டத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் வந்த திருத்தம் அவற்றை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளே இழுத்தது. அவற்றைத் திருத்த, பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த 2022இல் முன்வைத்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அடுத்த வருடம் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அதுவும் காலாவதியானது. ஆனால் அந்தப் பிரிவுகள் பேசுவது செயலைப் பற்றி, கதை சொல்வதைப் பற்றி அல்ல. விசாகேச சந்திரசேகரம், சிங்களக் கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உறவுச் சிக்கலை ‘சயபெத்தி குசும’ என்ற படமாக 2014இல் எடுத்தபோதும் இதே சட்டம்தான் இருந்தது.

நேத்ரா, வசந்தம், சக்தி ஆகிய மூன்று அலைவரிசைகளில் ஒன்று இப்படி ஒரு தொடரை எடுக்கத் துணிந்தால், கண்டியே களமாகலாம். கலஹாவிலிருந்து காலை பஸ்ஸில் நகரத்துக்கு வந்து மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒருவன். கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் வகுப்பு எடுக்கும் இன்னொருவன். ஒருவன் வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், அவள் கல்யாணம் முடிந்ததும் அடுத்தது இவன்தான். ‘தம்பிக்கு என்ன குறை, ஏன் தள்ளிப்போடுற?’ என்று மாமா கேட்கும் அந்த ஒரு கேள்விக்கே நாலு அத்தியாயம் தேவைப்படும். அம்மாவுக்குப் பாதி தெரியும், தெரிந்ததாகக் காட்டமாட்டாள். அவளைக் கொடுமைக்காரியாக்காமலும், ஒரே இரவில் தெய்வமாக்காமலும் எழுதுவதற்கு அந்த வீட்டுத் தமிழ் தெரிந்த எழுத்தாளர் வேண்டும். மலையகத்தில் அப்படி எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள், மேடை நாடகத்தில் பழகிய நடிகர்களும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, இரவு எட்டு மணிக்கான இடத்தை ஒதுக்கி, முதல் வாரத்தில் வரும் கண்டனத் தொலைபேசி அழைப்புகளுக்காகத் தொடரை நிறுத்தாமலிருக்கும் முடிவை அலைவரிசை நிர்வாகங்கள்தான் எடுக்கவேண்டும்.