அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று அர்த்தமா?

ராத்திரி இரண்டேகால் மணி. பாத்ரூமிலிருந்து அப்பத்தாவின் குரல். பதறியடித்து ஓடினேன். கதவுக்குப் பின்னால் கும்மிருட்டு.

"விழுந்துட்டீங்களா அப்பத்தா?"

"விழலத்தா. உக்காந்துதான் இருக்கேன். நான் உசுரோடதான இருக்கேன், உன் லைட்டுக்கு அது தெரியலையா?"

அன்று காலையில்தான் அந்த சென்சாரைப் பெருமையாக மாட்டியிருந்தேன்.

அப்பத்தாவுக்கு 78 வயது. மதுரையிலிருந்து சென்னைக்கு எங்களோடு இருக்க வந்து ஒரு வருடம் ஆகிறது. ராத்திரியில் இரண்டு, மூன்று முறை எழுந்திருப்பார். யாரையும் எழுப்ப மாட்டார். சுவரைத் தடவிக்கொண்டே போவார். ஒருநாள் கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதன் பிறகு சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். அதுதான் எங்களுக்குக் கவலையாகிவிட்டது.

"ராத்திரி முழுக்க லைட் எரியட்டுமே" என்றார் அப்பா. கணக்குப்படி அது சரிதான். 9 வாட் எல்.இ.டி பல்பு தினமும் 10 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 2.7 யூனிட்தான். ஆனால், அப்பத்தா விட்டால்தானே! "ஆளில்லாத எடத்துக்கு எதுக்கு வெளக்கு?" என்று அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அதனால்தான் சென்சார் வாங்கினேன். தப்பானதை வாங்கிவிட்டேன்.

எது தப்பு?

கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான சென்சார்கள் பி.ஐ.ஆர் வகை. உடலின் வெப்பம் இடம் மாறுவதை இவை கவனிக்கும். நடந்தால் லைட் எரியும். அசையாமல் உட்கார்ந்தால், நாம் கிளம்பிவிட்டதாக நினைத்து அணைத்துவிடும். நம் ஊர் கோடையில் சுவரும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது இதற்கு இன்னும் தடுமாற்றம்தான்.

மூட்டுவலிக்காரர் வெஸ்டர்ன் டாய்லெட்டில் பத்து நிமிடம் உட்காருவார். அவருக்குத் தேவை, 'ஆள் இருக்கிறாரா' என்று பார்க்கும் ரேடார் வகை சென்சார். 'எம்எம்வேவ்' என்று அட்டையில் போட்டிருக்கும். 24 அல்லது 60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துக் கணக்கிடும். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடக் கண்டுபிடித்துவிடும். இதில் கேமரா கிடையாது, படம் எடுக்காது.

சுவிட்ச் வெளியே, ஆள் உள்ளே!

ஸ்விட்சிலேயே சென்சார் இருக்கும் மாடலைத்தான் முதலில் பார்த்தேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துவிட்டார். "பாத்ரூம் சுவிட்ச் கதவுக்கு வெளியில இருக்கு. அது பாசேஜைத்தான் பாக்கும். உள்ள இருக்கறவங்கள எப்படிப் பாக்கும்?"

நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. அதனால், அந்த ஸ்மார்ட் சுவிட்சை பாசேஜ் விளக்குக்கு வைத்துக்கொண்டோம். பாத்ரூமுக்குத் தனியாக சீலிங்கில் மாட்டும் ரேடார் சென்சார். ஷவரிலிருந்து தள்ளி, ஈரம் தாங்கும் மாடலாகப் பார்த்து வாங்கினோம்.

அடுத்த சிக்கல் நியூட்ரல் வயர். ஸ்மார்ட் சுவிட்சுகளில் பலவற்றுக்கு அது வேண்டும். ஆனால், பழைய வீடுகளில் விளக்கு சுவிட்சுக்கு ஃபேஸ் வயர் மட்டும்தான் வந்திருக்கும். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன்: அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால், நியூட்ரலும் அங்கே இருக்கும். எங்கள் பாசேஜ் போர்டில் இருந்தது. தப்பித்தோம்.

அண்ணன் செய்த இன்னொரு நல்ல காரியம், பாத்ரூமின் பழைய சுவிட்சைக் கழற்றாமல் சென்சாருக்கு இணையாக அதையும் சேர்த்துக் கொடுத்தது. சென்சார் மக்கர் பண்ணினாலும் சுவிட்சைத் தட்டினால் லைட் எரியும்.

இந்த வேலையை யூடியூப் பார்த்து நீங்களே செய்யாதீர்கள். 230 வோல்ட் சமாச்சாரம். எலெக்ட்ரீஷியனை வரவழையுங்கள். அவரும் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கழற்றிய சுவிட்சைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டினால் மட்டும் போதாது

முதல் நாள் ராத்திரி லைட் அணையவே இல்லை. காரணம், ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன். ரேடாருக்கு ஃபேன் இறக்கையும் அசைவு, ஆடும் திரைச்சீலையும் அசைவுதான். மெல்லிய பிளாஸ்டிக் கதவைத் தாண்டியும் அதற்குத் தெரியும். சென்சாரைக் கொஞ்சம் திருப்பி, அது பார்க்கும் தூரத்தைக் குறைத்ததும் சரியானது.

ஆள் போன பிறகு அணைய 30 விநாடி என்று இருந்ததை 5 நிமிடமாக மாற்றினேன். இருட்டினால் மட்டும் வேலை செய்யும்படி வைத்தேன். தூக்கக் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போட்டேன். வைஃபையை அணைத்துவிட்டும் ஒருமுறை சோதித்தேன். நெட் இல்லாவிட்டால் எரியாத விளக்கு எதற்கு? கரன்ட் போனால் சென்சாரும் படுத்துவிடும். அதனால் அப்பத்தாவின் தலைமாட்டில் டார்ச் அப்படியே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பாசேஜில் யார் எப்போது வந்தாலும் என் போனுக்குத் தகவல் வந்துவிடும். அப்பத்தா எத்தனை முறை எழுந்தார் என்று காலையில் கணக்குச் சொல்லிவிடலாம். அவரிடம் கேட்டேன்.

"நான் எந்திரிக்கிறதெல்லாம் உனக்கு எதுக்குத்தா?"

நியாயம்தானே? நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டேன். ஆள் இருப்பது விளக்குக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீர் முழுசாகக் காலியாகிறது. ஆனாலும் ராத்திரி 'டக்' என்று சுவிட்ச் சத்தம் கேட்கும். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும் அப்பத்தா ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

உங்கள் வீட்டுக்கு சென்சார் வாங்கும் முன், வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யார் என்று யோசியுங்கள். அவருக்குச் சரியாக வேலை செய்தால், மற்ற எல்லோருக்கும் செய்யும்.