ஊரைப் பார்க்காமல் ஓடுவதற்கு இத்தனை லட்சமா?

காலை நடைக்கு வரும் நண்பர்கள் வட்டத்தில் முன்பெல்லாம் சர்க்கரை அளவும் பென்ஷன் அரியர்ஸும்தான் பேச்சு. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, "பாருங்க சார், சீனப் பெருஞ்சுவர் மேல மாரத்தான். அறுபது தாண்டினவங்களையும் சேர்த்துக்கறாங்களாம்" என்கிறார். இன்னொருவர் எவரெஸ்ட் அடிவார முகாம் என்கிறார். மூன்றாமவர் அண்டார்க்டிகா என்கிறார். நம் வயதுக்காரர்களைத் தேடித்தான் இந்த விளம்பரங்கள் வருகின்றன. கையில் ஓய்வூதியப் பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, "இன்னும் என்னால் முடியும்" என்று காட்டும் ஆசையும் இருக்கிறது. மூன்றும் தெரிந்துதான் வலை வீசுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்துக்கு நான் எதிரி இல்லை. யார் ஓடினாலும் கை தட்டுவேன். ஆனால் உலகின் அழகான இடங்களையும் பழைமையான இடங்களையும் தேடிப் பிடித்து நடத்தப்படும் இந்த "சவால்" மாரத்தான்களில் பல, அந்த ஊரையும் மதிப்பதில்லை, ஓடுகிறவரையும் மதிப்பதில்லை. பழைய நாடகக் கொட்டகையில் பின்னால் தொங்கவிடுவார்களே, அரண்மனைப் படுதா, வனப் படுதா என்று, அப்படி ஒரு படுதாவாகத்தான் ஊர் அங்கே தொங்குகிறது.

பெருஞ்சுவரையே எடுத்துக்கொள்வோம். தியான்ஜின் பகுதியில் ஹுவாங்யாகுவான் என்ற கோட்டைப் பகுதியில் 1999 முதல் இந்த மாரத்தான் நடக்கிறது. 5,164 படிகள் என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. ஆனால் 42 கி.மீ.யும் சுவர் மேல் ஓடுவதில்லை. தூரத்தின் பெரும்பகுதி கீழே உள்ள கிராமங்களிலும் வயல் ஓரத்து மண் பாதைகளிலும் போகிறது. திரும்பி வந்தவர்களின் படங்களைப் பாருங்கள். சுவர் இருக்கும், படி இருக்கும், பதக்கம் இருக்கும். அந்தக் கிராமத்தின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தச் சுவரில் செய்தி ஓடியது மனிதன் காலால் மட்டும் அல்ல. பகைவர் வருவதைக் கண்டால் ஒரு கோபுரத்தில் பகலில் புகை, இரவில் தீ. அதைப் பார்த்து அடுத்த கோபுரம், அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஒவ்வொரு கோபுரத்திலும் நின்று, இது எதற்காகக் கட்டப்பட்டது, இங்கே காவல் இருந்தவன் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பார்ப்பதற்குத்தானே அவ்வளவு தூரம் போக வேண்டும்? கால் இடறாமல் இருக்க அடுத்த படியையே பார்த்துக்கொண்டு ஓடுகிறவர் கண்ணில் எந்தக் கோபுரம் படும்?

பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையிலும் மாரத்தான் ஓடுகிறார்கள். 4,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கணவாயைத் தாண்ட வேண்டும். இன்கா அரசில் உண்மையாகவே ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். சாஸ்கி என்று பெயர். செய்தியையும் சிறு பொருள்களையும் சுமந்து ஓடுவதே அவர்கள் வேலை. ஆனால் ஒருவனே கடைசி வரை ஓடவில்லை. வழி நெடுகச் சாவடிகள் இருந்தன. ஒருவன் தன் பங்கை ஓடி முடித்ததும் அடுத்தவனிடம் ஒப்படைத்துவிடுவான். அந்த மலையையும் அந்தக் காற்றையும் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. நாமோ பாதையை மட்டும் எடுத்துக்கொண்டோம், அவர்களுடைய அறிவை விட்டுவிட்டோம்.

எவரெஸ்ட் மாரத்தான் மே 29-ல் நடக்கிறது. 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியைத் தொட்ட நாள். 5,364 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமில் தொடங்கி 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் முடிகிறது. முதல் இடங்களைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நேபாளிகள். அதில் வியப்பில்லை, அவர்கள் வீட்டு வாசல் அது. அதே பாதையில் முப்பது கிலோவுக்கு மேல் முதுகில் ஏற்றி, நெற்றியில் பட்டை கட்டிச் சுமப்பவர்கள் தினமும் நடக்கிறார்கள். நம் ஆள் ஒரு நாள் ஓடினால் அது சாதனை. அவர் வருடம் முழுவதும் சுமந்தால் அது கூலி வேலை. ஓடுகிறவரின் பையையும் கூடாரத்தையும் சுமந்து மேலே கொண்டுபோனவரும் அவர்தான். அவருக்குப் பதக்கம் கிடையாது.

அண்டார்க்டிகா இன்னும் வேடிக்கை. சிலி நாட்டின் தென்கோடியிலிருந்து விமானத்தில் கொண்டுபோய், ஏறத்தாழ 80 டிகிரி தெற்கே யூனியன் பனியாற்றில் இறக்கி ஓடவிடுகிறார்கள். கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே இருப்பதால் பெங்குவின்கூட அங்கே கிடையாது. கட்டணம் நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இது போதாதென்று ஏழு கண்டங்களில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் என்று ஒன்று. தனி விமானம் வைத்து ஊர் ஊராக இறக்கி, ஓடவைத்து, மறுபடி ஏற்றிக்கொள்கிறார்கள். கேப் டவுனுக்கும் மாட்ரிட்டுக்கும் போய்ச் சில மணி நேரத்தில் கிளம்பிவிட்டவர், அந்த ஊர்களுக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாமா? நம் ஊரில் ஒரே நாளில் ஒன்பது கோயில் தரிசனம் என்று வேனில் அழைத்துப் போவார்களே, அவர்களாவது ஒவ்வொரு கோயிலிலும் தீபாராதனை பார்க்க விடுகிறார்கள்.

இதெல்லாம் வெறும் கேலிப் பேச்சு என்று நினைக்காதீர்கள். 2021 மே 22-ல் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். மஞ்சள் நதியின் கரையில் கல் காடு போல நிற்கும் பாறைகள். பார்க்க அத்தனை அழகு. சுற்றுலா வளர வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகமே முன்னின்று நடத்திய 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கை முந்தைய நாளே வந்திருந்தது. குளிர் தாங்கும் மேலங்கியைக் கட்டாயமாக்கவில்லை. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் போட்டிருந்தார்கள். மதியம் வாக்கில் மலைமேல் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் சேர்ந்து அடித்தன. வண்டி ஏற முடியாத இடம். 21 பேர் உடல் சூடு இழந்து இறந்தார்கள். இறந்தவர்களில் லியாங் ஜிங் ஒருவர். நெடுந்தூர ஓட்டத்தில் சீனாவே கொண்டாடிய வீரர். ஆகவே, பயிற்சி போதாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அன்று ஆறு பேரைக் காப்பாற்றியவர் ஜு கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர். வானம் மாறியதும் அவர் தன் குகைக்குள் போய்விட்டார். ஆபத்துக்கு உதவும் என்று அங்கே துணியும் உணவும் முன்பே சேர்த்து வைத்திருந்தார். நடுங்கி நின்ற ஓட்டக்காரர்களை உள்ளே கூட்டிவந்து, தீ மூட்டி, போர்வை போர்த்தி உயிர் பிழைக்க வைத்தார். ஓடினவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. அந்த மலை எப்போது என்ன செய்யும் என்பது ஆடு மேய்ப்பவருக்குத்தான் தெரிந்திருந்தது. நடத்தியவர்களுக்கு மலை படுதா. அவருக்கு அது பிழைப்பு. என் வாதம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் புகழ்பெற்ற இடத்தில் ஓடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஊரிலிருந்தே முளைத்த ஓட்டங்கள் இருக்கின்றன. 1896-ல் மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ், பக்கத்து ஊரில் தண்ணீர் சுமந்து விற்றவர். இன்றும் அந்தப் பாதையில் ஓடுகிறவர்கள், கி.மு. 490-ல் அங்கே போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களின் சமாதி மேட்டைச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஒரு தூதன் ஓடினான் என்று ஹெரடோட்டஸ் எழுதியது நடக்கக்கூடியதுதானா என்று பார்க்க, 1982-ல் பிரிட்டிஷ் விமானப்படையைச் சேர்ந்த ஐந்து பேர் கிளம்பினார்கள், மூவர் போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து பிறந்த 246 கி.மீ. ஓட்டத்துக்கு இன்றும் பரிசுப் பணம் இல்லை. முடிவில் லியோனிடாஸ் சிலையின் காலைத் தொட்டால், அந்த ஊர் ஆற்றுத் தண்ணீர் ஒரு வாய் தருவார்கள்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் நமக்கும் கொஞ்சம் சொந்தம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கி.மீ. 1860-ல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் போன கூலித் தமிழர்கள் இறங்கியது டர்பனில். 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்ஹாம் என்ற ரயில் எஞ்சின் டிரைவர் 1921-ல் தொடங்கினார். 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். கறுப்பினத்தவரையும் பெண்களையும் முறைப்படி சேர்த்துக்கொள்ள 1975 வரை ஆயிற்று என்ற களங்கமும் அதற்கு உண்டு. அந்த நாட்டின் நல்லதும் கெட்டதும் அந்த ஓட்டத்தில் இருக்கின்றன. வெளிநாட்டார் போகிறார்கள். ஆனால் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டு மக்கள். வழி நெடுக நின்று தண்ணீர் கொடுப்பவர்களும் அவர்களே. வெளியூர்க்காரர் அங்கே விருந்தாளி.

"உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம் வருகிறதே" என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு நாள் அதே ஊரில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்தாலும் வருமானம் வரும். கட்டணத்தில் பெரும்பங்கை வெளிநாட்டு ஏற்பாட்டாளர் எடுத்துக்கொள்ளும் ஓட்டத்தைவிட, அப்படி வருகிற பணம் கடைக்காரர் கைக்கும் சுமப்பவர் கைக்கும் நேராகப் போகும்.

"அவரவர் பணம், அவரவர் உயிர்" என்றும் சொல்வார்கள். பணம் அவருடையதுதான். ஆனால் 5,000 மீட்டர் உயரத்தில் மூச்சுத் திணறி விழுந்தால், தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியவர் இன்னொருவர். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நம் வயதில் ரத்த அழுத்த மாத்திரையும், சிலருக்கு ஸ்டென்ட்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. "நினைத்தால் முடியும்" என்ற வாசகத்தை இதயம் படிப்பதில்லை.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஓட்டத்துக்கு முன்பு உடல் அந்த உயரத்துக்குப் பழக எத்தனை நாள் தருகிறீர்கள்? வானிலை மாறினால் நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவர் அந்த ஊர்க்காரரா? நடுவழியில் விழுந்தால் எத்தனை நிமிடத்தில், எந்த வழியாக ஆள் வருவார்? ஓடுகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? கேள்விக்குப் பதிலாக இன்னொரு அழகான படத்தை அனுப்பினால், பணத்தைப் பத்திரமாக வங்கியிலேயே வைத்திருங்கள்.

ஓட ஆசையா? நன்றாகப் பழகிய தெருவில் ஓடுங்கள். தடுக்கி விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள். பெருஞ்சுவரையும் மச்சு பிச்சுவையும் பார்க்க ஆசையா? கட்டாயம் போய்வாருங்கள், முட்டி வலிக்குமுன் போய்வாருங்கள். ஆனால் நடந்து பாருங்கள். வழியில் ஆடு மேய்ப்பவர் யாராவது எதிர்ப்பட்டால் நின்று, இன்று மழை வருமா என்று அவரிடம் கேளுங்கள்.