ஆங்கிலத்தில் படித்தால்தான் அறிவியலா?

அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்க முடியும் என்ற நம்பிக்கை தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடலில் பல வீடுகளின் வரவு செலவையே தீர்மானிக்கிறது. பீடித்தட்டை மடியில் வைத்து நாள் முழுக்க இலை சுருட்டும் தாய், கூலியில் பெரும்பங்கை ஆங்கில வழிப் பள்ளிக்கும் வேனுக்கும் கொடுக்கிறாள். "தமிழ் மீடியத்துல போட்டா சயின்ஸ் எப்படி வரும்?" என்று கேட்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளை இப்படி நம்பவைத்த படித்தவர்கள் மேல்தான் கோபம். அறிவியல் வெள்ளைக்காரன் கொடுத்தது, அதன் மொழி ஆங்கிலம், தமிழுக்கு அந்தத் தெம்பு கிடையாது என்று அவர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட பிரிட்டனையே பார்ப்போம். அன்று இயற்பியலைப் புரட்டிப்போட்ட சார்பியல் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் எழுதியது ஜெர்மனில். 1925-ல் ஹைசன்பர்க் குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட கட்டுரையும் ஜெர்மன்தான். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதித்துப் பார்த்த எடிங்டன் ஆங்கிலேயர். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டவர்கள் ஜெர்மன் கற்றுக்கொண்டார்கள். அதற்காகத் தங்கள் பிள்ளைகளை ஜெர்மன் வழிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எடிங்டனும் ஜேம்ஸ் ஜீன்ஸும் ஹால்டேனும் புதிய அறிவியலைத் தங்கள் மக்களுக்குத் தங்கள் மொழியில் எழுதித் தந்தார்கள். பிரிட்டனைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது இந்தப் பழக்கத்தை.

எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள், இதே தாமிரபரணிக் கரையில். பெருங்குளத்தில் 1891-ல் பிறந்த பெ.நா. அப்புஸ்வாமி தொழிலால் வக்கீல். இளம் வயதில் தமிழில் அறிவியல் எழுதத் தொடங்கியவர், தொண்ணூறைத் தாண்டியும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1934-ல் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதன் முயற்சிகளுக்கு முதுகெலும்பாக நின்றவர் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை. துறைவாரியாக அறிஞர்களை உட்காரவைத்துச் சொற்களைத் திரட்டி, 1938-ல் 'கலைச்சொற்கள்' நூலைச் சங்கம் வெளியிட்டது. மட்டக்களப்பின் விபுலாநந்த அடிகளும் இந்தப் பணியில் தோள்கொடுத்தார். இவர்கள் யாரும் ஆங்கிலம் தெரியாமல் தமிழைப் பிடித்துக்கொண்டவர்கள் அல்லர். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க முடியும் என்று செய்து காட்டியவர்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் 'தமிழில் சொல் ஏது?' என்று கேட்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

ராமன் விளைவு 1928-ல் ஆங்கிலத்தில்தானே உலகுக்குத் தெரிந்தது, அதில் பங்கெடுத்த வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன் ஆங்கிலத்தில்தானே எழுதினார் என்பார்கள். உண்மைதான். ஆராய்ச்சிக் கட்டுரையை உலகம் படிக்கும் மொழியில் எழுதத்தான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடம் புரிய வேண்டிய மொழி வேறு சங்கதி.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் போட்டோசிந்தசிஸ் என்றால் என்ன என்று கேட்டேன். மூச்சுவிடாமல் நான்கு வரி ஆங்கிலம் ஒப்பித்தாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஆற்றங்கரை வயலில் நிற்கிற நெல்லுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று அடுத்துக் கேட்டேன். "உரம் போடுவாங்கள்லா சார்" என்றாள். வெயிலையும் காற்றையும் வைத்து இலை தானே உணவு தயாரிக்கிறது என்பதைத்தான் அந்த நான்கு வரியும் சொல்லின. அவளுக்கு அது தெரியவே இல்லை. வகுப்பில் அவள் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள்.

மேற்படிப்பில் ஆங்கிலம் வழிமறிக்காதா என்ற கேள்வி நியாயமானது. வழிமறிக்கும். அதனால் ஆங்கிலத்தை ஒரு மொழியாக, நல்ல ஆசிரியரை வைத்து, ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரையும், 2018-ல் இஸ்ரோ தலைவரான குமரி மாவட்டத்து கே. சிவனும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். கணக்கும் இயற்பியலும் ஏற்கெனவே புரிந்திருந்ததால், ஆங்கிலத்தைக் கல்லூரிக்குப் போய்ப் பிடித்துக்கொள்ள அவர்களால் முடிந்தது.