ஒரே ரூமில் எல்லா மருந்தும்

பட்டாசு ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். (எங்கள் தாயில்பட்டியில் போகாதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.) பெரிய கட்டடம் எதுவும் இருக்காது. கரிசல் காட்டுக்குள் சின்னச் சின்ன ரூம்களாகத் தள்ளித் தள்ளி நிற்கும். மருந்து கலக்கும் ரூம் தனி, செலுத்தும் ரூம் தனி, திரிக்குத் தனி. ஒரு ரூமில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்து ரூம் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வெடிக்கவே வெடிக்காது என்று நம்பி யாரும் அப்படிக் கட்டவில்லை.

நான் படிப்பது எலெக்ட்ரானிக்ஸ். ராணுவ ரேடியோக்களை எப்படி உருவாக்குகிறார்கள், எப்படிச் சொதப்புகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தபோது இந்த ரூம்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ரேடியோ சொதப்பினால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்கிறீர்களா? 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கியது. ரேடியோப் பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டு முன்கூட்டியே தயாராக இருந்தார்கள் என்று அந்தப் போரைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். அங்கே இறங்கிய 13வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்தப் போரில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை. ஒட்டுக்கேட்க முடிகிற ரேடியோவின் விலை என்ன என்று மட்டும் பாருங்கள்.

சரி, அப்படியானால் நல்ல ரேடியோ செய்துவிட வேண்டியதுதானே? அமெரிக்கா அதைத்தான் செய்யப் பார்த்தது. 1997-ல் ஜேடிஆர்எஸ் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். செல்போனில் ஆப் மாற்றுவது மாதிரி, பெட்டி ஒன்றுதான், உள்ளே மென்பொருளை மாற்றினால் அது வேறு ரேடியோ. தரைப்படை, கப்பற்படை, விமானப்படை எல்லாரும் ஒரே குடும்பத்து ரேடியோவில் பேசலாம். கேட்க அருமையாக இருக்கிறது இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

2002-ல் வண்டிகளுக்கான ரேடியோ வேலை போயிங் கம்பெனிக்குப் போனது. பழைய ரேடியோ வகைகளோடும் பேச வேண்டும், இதுவரை யாரும் செய்யாத புது நெட்வொர்க்கும் வேண்டும், ரகசியக் குறியீடும் வேண்டும், எல்லாம் ஒரே பெட்டிக்குள். பெட்டி பெருத்தது, கனத்தது, மின்சாரம் தின்றது. இடையில் இராக், ஆப்கானிஸ்தான் என்று இரண்டு போர்கள் வந்தன. புது ரேடியோ வரவில்லை, போருக்குப் போகிறவன் காத்திருக்க முடியாது. அதனால் பழைய வகை ரேடியோக்களையே மறுபடி மறுபடி வாங்கிக் குவித்தார்கள். கடைசியில் 2011 அக்டோபரில் அந்த வண்டி ரேடியோத் திட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பல நூறு கோடி டாலர் போயே போச்சு.

கம்பெனியைத் திட்டுவது சுலபம். என் பார்வையில் தப்பு வரைபடத்திலேயே இருந்தது. கலப்பது, செலுத்துவது, திரி வைப்பது எல்லாவற்றையும் ஒரே ரூமில் வைத்திருந்தார்கள். நெட்வொர்க் மென்பொருள் தாமதமானால் பெட்டியும் தாமதம், பெட்டி சூடானால் எல்லாமே தாமதம்.

பிரிட்டன் கதை இதைவிட சுவாரஸ்யம். அவர்களின் பழைய கிளான்ஸ்மேன் ரேடியோவுக்குப் பதிலாக போமேன் என்று ஒன்று. 1990களில் வந்திருக்க வேண்டியது, வரவில்லை. 2000-ல் பழைய கம்பெனிக் கூட்டணியைக் கழற்றிவிட்டு வேறு ஆளிடம் கொடுத்தார்கள். 2003 இராக் போருக்கு கிளான்ஸ்மேனையே தூக்கிக்கொண்டு போனார்கள். போமேன் வந்த பிறகும், அதன் ஆங்கில எழுத்துகளுக்கு "மேப்பும் நோக்கியாவும் இருந்தாலே தேவலை" என்று வருகிற மாதிரி விரிவாக்கம் கண்டுபிடித்துக் கிண்டலடித்தார்கள் சிப்பாய்கள். :-)

ஆனால் அதே போமேனிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் முன்பே வெட்டி எடுத்துத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கும் சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குட்டி ரேடியோ, 500 மீட்டர் தூரம் எட்டினால் போதும். அது 2002-லேயே கைக்கு வந்துவிட்டது, சுமார் 45,000 எண்ணிக்கையில். இராக் போரில் சிப்பாய்களுக்குப் பிடித்த சாமான்களில் அதுவும் ஒன்று. தனி ரூம்!

துண்டு துண்டாகப் பிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பிரித்தால் ஒரு ரேடியோ இன்னொன்றோடு பேசாது என்கிற தலைவலி வரும். ஜேடிஆர்எஸ் பிறந்ததே அந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான். அதனால் ரேடியோக்கள் பேசிக்கொள்ளும் விதிமுறையை முதலில் பொதுவாக எழுதி வைத்துவிட்டு, பெட்டிகளைத் தனித்தனியாகச் செய்யலாம் என்பது என் கட்சி. விதிமுறை என்பது காகிதம், அது வெடிக்காது.

காகிதம் என்றதும் இன்னொன்று. இந்த மாதிரித் திட்டங்களில் ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். எது எது தப்பாகப் போகலாம், வாய்ப்பு எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு, சிவப்பு, மஞ்சள், பச்சை. எங்கள் பக்கத்திலும் ரெஜிஸ்டர் உண்டு, சுவரில் எழுத்து உண்டு, சர்டிபிகேட் வாங்கிய போர்மேன் உண்டு. தீபாவளி ஆர்டர் நெருங்கினால் ரூமுக்கு நாலு பேர் என்பது பத்தாகும், மரத்தடியிலும் வேலை நடக்கும். முதல் நாள் கலந்து மிச்சமான மருந்தைக் கொட்டி அழிக்க மனசு வராது, மறுநாள் எடுத்துச் செலுத்துவார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை, முதல் வெடியைக் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும்.

போர்மேனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. "இன்னைக்கு வேலை கிடையாது, எல்லாரும் வெளியே போங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அவர் வேலையில் இருக்க முடியுமா என்பதுதான் விஷயம். ரேடியோத் திட்டத்திலும் அதே கேள்விதான். பெட்டி சூடாகிறது என்று எழுதி வைக்கிற இன்ஜினியருக்கு, தயாரிப்பை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ரெஜிஸ்டர் பின்னாடி விசாரணைக் கமிஷனுக்குத்தான் உதவும்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? டேராடூனில் உள்ள டிஆர்டிஓவின் டீல் ஆய்வகமும் பெங்களூரு பெல் நிறுவனமும் மற்றவர்களோடு சேர்ந்து மென்பொருள் ரேடியோ செய்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் 1000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தம் போட்டு வாங்கியது கப்பலில் வைக்கும் வகை. எனக்கு இது பிடித்திருக்கிறது. கப்பலில் இடம் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, பெட்டி கனத்தாலும் யார் முதுகும் ஒடியாது. ஜேடிஆர்எஸ்ஸைக் கவிழ்த்த எடையும் மின்சாரமும் அங்கே பாதிப் பிரச்சினைகூட இல்லை.

முதுகில் சுமக்கிற வகைதான் உண்மையான பரீட்சை. பேட்டரி, சூடு, எடை மூன்றும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும் இடம் அது. அதற்கான சோதனையை ஏசி ரூமில் முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல், மே மாத ராஜஸ்தானில் ஒரு சிப்பாயின் முதுகில் ஏற்றி நாள் முழுக்க நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். "வேண்டாம், இது ஆகாது" என்று சொல்லும் உரிமையையும் அந்தச் சிப்பாயிடமே கொடுக்க வேண்டும்.