ஏதுப்போலியும் பங்குக் கணக்கும்

'ஃபாலசி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் 'தவறு' என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது. ஏமாற்றுதல் என்று பொருள்படும் 'ஃபல்லரே' என்ற இலத்தீன் வினையை ஒட்டிப் பிறந்தது 'ஃபல்லாச்சியா'. வஞ்சகம் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் அப்பொருளிலேயே வழங்கியது. (1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த வழுவா வரத்தின் இலத்தீன் பெயருக்கும் இதுவே வேர்.) கூட்டலில் பிழை விடுவது தவறு. காரணம்போல் தோன்றிக் காரணமல்லாததாய் நின்று நம்மை மயக்குவதோ வேறு. மணிமேகலையின் 29ஆம் காதை அதனை 'ஏதுப்போலி' என்கிறது. இதனினும் பொருத்தமான தமிழ் நமக்கு வேண்டியதில்லை.

அரிஸ்டாட்டில் இத்தகைய போலி வாதங்களை 13 வகையாகப் பிரித்தார். போயத்தியுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பு வழியே இடைக்காலத் திருச்சபையின் கல்விக்கூடங்கள் அவற்றைக் கற்பித்தன. அக்கல்வி நம் பங்குப் பேரவை வரை வந்து சேரவில்லை போலும். திருவிழாக் கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டால், "நீர் எத்தனை ஞாயிறு பூசைக்கு வந்தீர்?" என்ற கேள்வியே விடையாக வருகிறது. கேட்டவர் வாயடைத்து அமர்கிறார். அவர் ஆண்டுக்கு ஒருமுறை வருபவராகவே இருக்கட்டும். அதனால் வரவு கூடுமா, செலவு குறையுமா? இறைமக்கள் தந்த காணிக்கைப் பொருள்களுக்கு நிருவாகிகள் அவர்களிடம் கணக்குக் கூற வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1287ஆம் விதி. அதற்கான முறையை மறைமாவட்டச் சட்டம் வகுக்கும். பூசைக்கு வந்த நாள்களை எண்ணச் சொல்லும் வரி எதுவும் அவ்விதியில் இல்லை.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். பிறவியிலேயே பார்வையற்றிருந்து நலம் பெற்றவர் பரிசேயர்முன் செவ்வையாக வாதிடுகிறார்: கடவுளிடமிருந்து வராத ஒருவரால் இத்தகைய செயல் இயலாது என்கிறார். அவ்வாதத்தில் எது பழுது என்று அவர்கள் காட்டவில்லை. அவரது பிறப்பைப் பாவப் பிறப்பென்று பழித்து வெளியே தள்ளினார்கள். நம் பேரவைகளில் கையாளப்படும் தருக்கத்தின் மூலப்பிரதி இதுவே.

பங்கின் அமைதியைக் காக்கவே அவ்வாறு பேசுகிறோம் என்பர் சிலர். எந்த அமைதி? அவமானப்பட்டவர் அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. உடனே, "பார்த்தீர்களா, அக்கறையில்லாதவர் என்று அன்றே சொன்னோமே" என்கிறார்கள். தாங்களே விரட்டியதைத் தங்கள் கூற்றுக்குச் சான்றாக்குகிறார்கள்! அடுத்த கூட்டத்தில் முதலில் கணக்கேடு மேசைமேல் வரட்டும். கேட்டவரின் பூசைக் கணக்கை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.